விண்மீன் படத்தில் விழும் கோடுகள்

இரைச்சல் என்பது செவிக்குரிய சொல். கடல் இரைகிறது, அருவி இரைகிறது, பசித்த வயிறுங்கூடச் சில வேளைகளில் இரைகிறது. பினாங்குச் சௌராஸ்தா சந்தையில் காலை எட்டு மணிக்கு நிற்பவருக்கு அச்சொல்லின் பொருளை எவரும் விளக்க வேண்டுவதில்லை. ஆயினும் வானநூல் அறிஞர்கள் ஒரு விண்மீன் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "இதில் இரைச்சல் மிகுந்திருக்கிறது" என்று சொல்வதைக் கேட்கிறோம். ஓசையே இல்லாத படத்தில் இரைச்சல் எப்படிப் புகுந்தது என்று வகுப்பில் ஒரு மாணவன் கேட்பானாயின், ஆசிரியர் சற்றே தயங்க நேரும். அவன் கேள்வி நியாயமானதே.

இச்சொல் தொலைபேசி, வானொலி ஆகியவற்றின் வழியாகப் படத்துக்கு வந்து சேர்ந்தது. 1918ஆம் ஆண்டில் ஜெர்மானிய விஞ்ஞானி வால்ட்டர் ஷாட்கி, வெற்றிடக் குழாயில் ஓடும் மின்சாரம் ஆற்றுநீர்போல் ஒரே தாரையாக ஓடுவதில்லை, தனித்தனி எலெக்ட்ரான்களாகவே சென்று விழுகிறது, ஆதலால் அதில் ஓயாத சலசலப்பு ஒன்று இருந்தே தீரும் என்று காட்டினார். வேட்டைத் துப்பாக்கியின் ஈயச் சிறுகுண்டுகளைக் குறிக்கும் பெயரை அவர் அதற்கு இட்டார். நமக்கு அதனினும் நல்ல உவமை உண்டு. லயத்து வீட்டின் தகரக் கூரைமேல் பெய்யும் பெருமழை ஒரே ஓசையாய்க் கேட்டாலும், அது தனித்தனித் துளிகளின் ஓசையே அன்றோ? பின்னர் 1928இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜான்சன் என்பவரும் நைக்விஸ்ட் என்பவரும், மின்சாரம் செலுத்தப்படாத கம்பியிலுங்கூட, வெப்பம் காரணமாக எலெக்ட்ரான்கள் துடித்துக்கொண்டே இருக்கின்றன என்பதை அளந்தும் கணக்கிட்டும் நிறுவினார்கள். அந்தத் துடிப்பை ஒலிபெருக்கிக்கு அனுப்பினால் 'உஸ்' என்னும் இரைச்சல். படத்திரைக்கு அனுப்பினால் மணல் தூவியது போன்ற புள்ளிகள். பொருள் ஒன்றே. ஆகவே தமிழிலும் இரைச்சல் என்றே வழங்குவதில் பிழையில்லை. இதற்கெனப் புதுச்சொல் தேடி அலைவது வீண்வேலை.

ஆனால் மணல் தூவியது போன்ற இரைச்சலைவிடத் தொல்லை தருவது வேறொன்று. சில வேளைகளில் விண்மீன் படத்தில் கிடையாகக் கோடுகள் விழும். பாய் முடைந்தாற்போல் சாய்ந்த வரிகள் ஓடும். ஒரு மூலையில் காரணமின்றி வெளிச்சம் படரும். இவற்றுக்கு ஓர் உருவம் இருக்கிறது. உருவமற்ற இரைச்சலைக் குறைக்கத்தான் முடியும்; அடியோடு போக்க முடியாது. உருவமுள்ள இரைச்சலுக்கோ குறிப்பிட்ட ஒரு காரணம் கருவிக்குள்ளேயோ அருகிலேயோ ஒளிந்திருக்கிறது. அக்காரணத்தை அந்த உருவமே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். திருப்புளியை எடுக்குமுன் படத்தைப் படிக்கவேண்டும் என்று வல்லுநர்கள் வற்புறுத்துவது இதனாலேயே.

தோட்டமும் சில்லும்

காமிராவின் உள்ளே நடப்பதை அறிந்தாலன்றி அந்த உருவங்களைப் படிக்க இயலாது. பினாங்கு மக்களுக்கு இது முற்றிலும் அயலான செய்தியன்று. நெல்வயல்கள் இருந்த பாயான் லெப்பாசில் 1972இல் தடையற்ற வாணிப வட்டாரம் தொடங்கி, இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை அங்கே அமைத்த நாள் முதலாகச் சிலிக்கன் சில்லுகளைப் பொருத்தியும் சோதித்தும் அனுப்பிய கைகள் இத்தீவில் பல்லாயிரம். வானநூல் காமிராவின் கண்ணும் அதே சிலிக்கன்தான். சி.சி.டி. எனப்படும் அச்சில்லை 1969இல் வில்லர்ட் பாயில், ஜார்ஜ் ஸ்மித் என்னும் இருவர், முன்சொன்ன பெல் ஆய்வுக்கூடத்திலேயே உருவாக்கினார்கள். அவர்கள் முதலில் எண்ணியது கணிப்பொறிக்கான நினைவகம் ஒன்றை. அது படம் எடுக்கும் கருவியாகி, 2009இல் நோபல் பரிசையும் பெற்றுத் தந்தது.

சி.சி.டி. வேலை செய்யும் முறையை ரப்பர்த் தோட்டத்தை அறிந்தவர்களுக்கு எளிதில் விளக்கிவிடலாம். கால்வாய்க்கு அப்பால் செபராங் பிறையில் பால்மரம் வெட்டிய குடும்பத்துப் பிள்ளைகள் பலர் இன்று ஆசிரியர்களாக இருக்கிறார்கள். நிரை நிரையாக மரங்கள். ஒவ்வொரு மரத்திலும் ஒரு மங்கு. மங்கில் சொட்டுச் சொட்டாய்ப் பால். சில்லிலும் அவ்வாறே நிரை நிரையாகச் சிறு கட்டங்கள் உள்ளன. விண்மீனின் ஒளித்துகள் ஒன்று வந்து விழுந்தால், கட்டத்தில் ஓர் எலெக்ட்ரான் விடுபட்டுச் சேர்கிறது. நேரம் ஆக ஆக மங்கு நிறைகிறது. ஒளிபடும் நேரம் முடிந்ததும், முதல் நிரையிலுள்ள பால் முழுவதும் ஒரு வாய்க்காலுக்கு மாற்றப்பட்டு, மங்கு மங்காக எடைபோடும் இடத்துக்குச் செல்கிறது. பிறகு இரண்டாம் நிரை. பிறகு மூன்றாம் நிரை. எடைபோடும் கிராணியின் வேலையைச் செய்வது பெருக்கி எனப்படும் மின்சுற்று. பல இலட்சம் மங்குகளுக்குத் தராசு ஒன்றே என்பதை மறந்துவிடலாகாது.

கிராணி முதலில் வெறும் வாளியை நிறுத்துக்கொண்டு, பின்பு பாலோடு நிறுத்து, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை எழுதுவாரன்றோ? பெருக்கியும் அதையே செய்கிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் இருமுறை அளந்து கழிக்கிறது. இதனால் தராசின் நிலையான பிழை தொலைந்து போகும். ஆனால் முதல் அளவைக்கும் இரண்டாம் அளவைக்கும் இடையில் தராசு ஆடினால், அந்த ஆட்டம் கணக்கில் ஏறிவிடும். உருவமுள்ள இரைச்சலில் பெரும்பகுதி இந்தத் தராசின் ஆட்டந்தான்.

ஆட்டம் மெதுவானதாயின், ஒரு நிரை முழுவதையும் நிறுத்து முடிக்கும்வரை தராசு ஏறியே இருக்கும். அடுத்த நிரையின்போது இறங்கியிருக்கும். படத்தில் கிடைக்கோடுகள் தோன்றும். ஆட்டம் விரைவானதாயின், ஒரே நிரைக்குள் ஏற்றமும் இறக்கமும் மாறிமாறி வந்து, அடுத்த நிரையில் சற்றே தள்ளி விழுந்து, சாய்ந்த வரிகளாகும். தராசில் குற்றமின்றி ஒரு மங்கே ஓட்டையாயிருந்தால் ஒரு புள்ளி மட்டும் கெடும். வழியில் ஒரு வாய்க்கால் அடைபட்டால் அதன் மேலுள்ள பத்தி முழுவதும் கெடும். மூலையில் படரும் வெளிச்சம் இன்னும் வேடிக்கையானது. பெருக்கியின் டிரான்சிஸ்டர் தானே மங்கிய அகச்சிவப்பு ஒளியை உமிழ்கிறது. இருட்டில் நிற்கும் கிராணியின் கைவிளக்கு அருகிலுள்ள மரங்களின்மேல் விழுவதைப் போல.

இன்று கடைகளில் கிடைக்கும் காமிராக்களில் பெரும்பாலானவை சீமாஸ் என்னும் வேறு வகையைச் சேர்ந்தவை. அவ்வகையில் ஒவ்வொரு பத்திக்கும் தனித்தனித் தராசு இருப்பதால், ஒரு தராசின் பிழை அந்தப் பத்தியோடு நின்று செங்குத்துக் கோடாகத் தெரியும். கோட்டின் திசையே குற்றவாளியின் வீட்டைச் சுட்டுகிறது என்பதற்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டு.

மூடியைத் திறவாமல் எடுக்கும் படம்

குற்றம் காண முற்படுபவர் முதலில் செய்யவேண்டியது, காமிராவை வானத்தை நோக்கித் திருப்பாமல் இருப்பதே. மூடியை மூடியபடியே, ஒளிபடும் நேரம் ஏறக்குறைய சுழியாக வைத்து ஒரு படம் எடுக்கவேண்டும். அதில் விண்மீனும் இல்லை, நிலவும் இல்லை, ஜார்ஜ்டவுன் தெருவிளக்குகளின் ஒளியும் இல்லை. எஞ்சியிருப்பது காமிராவே. அது தன்னைத்தானே எடுத்துக்கொண்ட படம் என்று சொன்னாலும் தகும். அதே போல் மூடியோடு நெடுநேரம் விட்டு எடுக்கும் படம் ஒன்று. முதலாவதில் இல்லாத குறை இரண்டாவதில் இருந்தால், அது தராசின் குறையன்று. காத்திருக்கும்போது மங்குகளில் தானாகச் சேர்ந்தது.

அப்படித் தானாகச் சேர்வது வெப்பத்தின் வேலை. ஒளியே இல்லாவிடினும் வெப்பத்தால் எலெக்ட்ரான்கள் விடுபட்டுக் கட்டங்களில் நிறைகின்றன. சுமார் ஆறு டிகிரி சென்டிகிரேடு ஏறுந்தோறும் அவற்றின் அளவு இருமடங்காகும். 25 டிகிரியில் இருக்கும் சில்லை, சுழிக்குக் கீழே 5 டிகிரிக்குக் குளிர்வித்தால், ஐந்து முறை பாதியாகி முப்பத்திரண்டில் ஒரு பங்காய்க் குறைந்துவிடும். ஆனால் பினாங்கு போன்ற கடலோரத்தில் குளிர்விப்பது ஒரு நோயைத் தீர்த்து மற்றொன்றை அழைப்பதாகும். இங்கே இரவுக் காற்றில் ஈரம் மிகுதி. இரண்டு மூன்று டிகிரி குளிர்ந்த பரப்பிலும் பனி பிடித்துவிடும். சில்லின் முன்னுள்ள கண்ணாடி மங்குவதோடு, மின்தட்டின்மேல் படியும் ஈரம் மின்சாரம் கசிய வழிசெய்து, வேளைக்கொரு வகையான கோடுகளைத் தோற்றுவிக்கும். உப்புச் சாடியில் நம் வீட்டுப் பெண்கள் அரிசி போட்டு வைக்கிறார்களே, அதே முறையில், அடைபட்ட காமிராவுக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளை வைத்து அவ்வப்போது மாற்ற வேண்டியிருக்கிறது. பாலிக் புலாவ் பக்கம் பந்தாய் ஆச்சே கடற்கரையில் ஷேக் தாஹிர் பெயரால் வானநிலையம் ஒன்று உண்டு; அத்தகைய கடலோர இடத்தில் உப்புக்காற்றும் இந்த ஈரத்தோடு சேர்ந்துகொள்ளும்.

மூடிய படத்தில் வரிகள் தெரிந்தால், அடுத்த கேள்வி அவை எங்கிருந்து வருகின்றன என்பது. இங்கே ஒரு சிறு கணக்கு பேருதவி செய்யும். ஒரு காமிரா ஒரு நிரையைப் படித்து முடிக்க 2 மில்லிசெகண்டு எடுத்துக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். மலேசியாவில் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைகிறது. ஓர் அலைவுக்கு 20 மில்லிசெகண்டு. எனவே சுவர் மின்சாரத்தின் ஆட்டம் தராசைத் தொட்டால், சரியாகப் பத்து நிரைக்கு ஒரு முறை பட்டை விழவேண்டும். அதே காமிராவை 60 முறை அலையும் அமெரிக்க மின்சாரத்தில் வைத்தால், எட்டு நிரையும் மூன்றில் ஒரு பங்கும் கடந்தபின்தான் பட்டை வரும். படத்தில் பட்டைகளை எண்ணியே குற்றவாளியின் அதிர்வெண்ணைக் கண்டுவிடலாம் என்பது இதனால் விளங்கும்.

இன்னும் ஒரு சோதனை உண்டு. படிக்கும் வேகத்தைப் பாதியாக்கிப் பார்க்கவேண்டும். நிரைக்கு 4 மில்லிசெகண்டு ஆனால், வெளியிலிருந்து வரும் ஆட்டம் இப்பொழுது ஐந்து நிரைக்கு ஒருமுறை தெரியும், பட்டைகள் நெருங்கிவிடும். அவ்வாறன்றிப் பட்டைகள் பத்து நிரைக்கு ஒன்றாகவே அசையாதிருந்தால், அவை காமிராவின் சொந்தக் கடிகாரத்தோடு பிணைந்தவை. வெளியே தேடுவதில் பயனில்லை. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல், அடாப்டரையும் வயரையும் மாற்றி மாற்றிப் பணத்தைச் செலவழிப்பவர்களே மிகுதி.

வெளிக்குற்றம் என்று தெளிந்தபின் பாட்டரியில் ஓட்டிப் பார்க்கலாம். வரிகள் மறைந்தால் அடாப்டரோ எர்த் கம்பியோ காரணம். காமிராவுக்கு ஒரு வழியாகவும் கணிப்பொறிக்கு மற்றொரு வழியாகவும் எர்த் இணைப்பு இருந்தால், இரண்டுக்கும் இடையே ஒரு வளையம் உண்டாகி அதில் மின்சாரம் சுற்றும். தராசு ஆடுவதற்கு அதுவே போதும். குளிர்விக்கும் விசிறி, தொலைநோக்கியைத் திருப்பும் மோட்டார், பக்கத்து மேசையின் விளக்கு ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனியே நிறுத்தி ஒவ்வொரு முறையும் ஒரு மூடிய படம் எடுத்துக் குறித்துக்கொள்ளவேண்டும். இரண்டை ஒருசேர மாற்றுகிறவன் விடையையும் ஒருசேர இழக்கிறான். இணைப்பைக் கழற்றி மாட்டியதாலேயே குறை மறைந்துவிடுவதும் உண்டு; அது நல்ல காலம் அன்று, செருகியில் துரு இருக்கிறது என்பதன் அறிகுறி. அக்குறை தேவையான இரவு பார்த்துத் திரும்பி வரும்.

எல்லாவற்றையும் நிறுத்தியபின்னும் அசையாத இரைச்சலும் வரலாற்றில் உண்டு. 1964இல் பென்சியாஸ், வில்சன் என்னும் இருவர் நியூ ஜெர்சியில் ஒரு பெரிய வானொலிக் கொம்பைச் சீர்செய்து கொண்டிருந்தபோது, எத்திசையில் திருப்பினாலும், எப்பருவத்திலும் ஒரே அளவில் மெல்லிய இரைச்சல் கேட்டது. உள்ளே கூடு கட்டியிருந்த புறாக்களைத் துரத்தி, எச்சத்தையும் துடைத்தார்கள். இரைச்சல் போகவில்லை. அதற்குத் திசையும் இல்லை, வேளையும் இல்லை, உருவமும் இல்லை. பேரண்டத்தின் தொடக்ககால வெப்பத்தின் எச்சமே அது என்று தெளிந்தது. 1978இல் நோபல் பரிசும் வந்தது. ஆனால் கோடு விழுந்த படத்தைப் பார்த்து இந்தக் கதையை நினைத்துக்கொள்வது ஆகாது. கோடு வானத்திலிருந்து வருவதில்லை.

ஹபிள் கண்ட கிடைக்கோடுகள்

வானில் சுற்றும் ஹபிள் தொலைநோக்கியில் 2002 மார்ச்சில் பொருத்தப்பட்ட பெருங்காமிரா, 2007 ஜனவரி 27இல் மின்கசிவால் செயலிழந்தது. 2009 மே 16இல் விண்வெளி வீரர்களான கிரன்ஸ்ஃபெல்ட், ஃபியூஸ்டல் ஆகிய இருவரும் தடித்த கையுறைகளோடு வெளியில் மிதந்தபடி, 32 திருகாணிகளைக் கழற்றி, நான்கு மின்தட்டுகளை உருவி, புதியவற்றைச் செருகினார்கள். கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவர் குத்துச்சண்டைக் கையுறை அணிந்து வேலை செய்வதை எண்ணிப் பார்த்தால், அதன் அருமை விளங்கும். காமிராவின் முதன்மைப் பகுதி உயிர்பெற்றது. அளவைப் பிழையும் சுமார் 5 எலெக்ட்ரானிலிருந்து 4ஆகக் குறைந்தது. அதுவரை இல்லாத ஒன்றும் உடன் வந்தது: மூடிய படங்களில் மிக மெல்லிய கிடைக்கோடுகள்.

அந்தக் காமிராவில் படப்பரப்பு நான்கு காற்பகுதிகளாகப் பிரிந்து, நான்கு மூலைகளிலுமுள்ள நான்கு பெருக்கிகளால் ஒரே நேரத்தில் படிக்கப்படுகிறது. நான்கு தராசு, நான்கு கிராணி. கோடுகளைக் கூர்ந்து நோக்கியபோது, ஒரு காற்பகுதியில் எந்த நிரை ஏறியிருந்ததோ, அதே நொடியில் படிக்கப்பட்ட மற்ற மூன்றின் நிரைகளும் ஒத்து ஏறியிருந்தன. நான்கு கிராணிகளும் ஒரே கணத்தில் ஒரே அளவு தவறுவார்களா? தவறமாட்டார்கள். எனவே குறை எந்தப் பெருக்கியிலும் இல்லை. நால்வரும் பொதுவாகக் கையாளும் படிக்கல்லில் இருக்கவேண்டும். உண்மையும் அதுவே. சைட்கார் என்னும் புதிய கட்டுப்பாட்டுச் சில்லு தரும் ஒப்பீட்டு மின்னழுத்தம் மிக மெதுவாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதிர்வெண் குறையக் குறைய வலுக்கும் இவ்வகை ஆட்டத்தை 1925இலேயே ஜான்சன் வெற்றிடக் குழாய்களில் கண்டிருக்கிறார். குழாய்கள் போய்ச் சில்லுகள் வந்தும் அது போகவில்லை.

கோடுகளின் உயரம் சராசரியாக ஓர் எலெக்ட்ரானுக்கும் சற்றுக் குறைவு; 0.9 என்பது கணக்கு. இதற்கா இத்தனை ஆரவாரம் என்று தோன்றலாம். தனிக்கட்டத்தின் பிழை 4 எலெக்ட்ரான் இருக்கும்போது 0.9 பெரிதன்று. ஆனால் தொலைவிலுள்ள மங்கிய விண்மீன்திரளை அளப்பவர் பல நூறு கட்டங்களைச் சேர்த்துக் கூட்டுகிறார். உருவமற்ற பிழை கூட்டக் கூட்ட ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சுருங்கும். நிரை முழுவதும் ஒரே பக்கம் சாய்ந்த பிழையோ சுருங்காமல் கூடிக்கொண்டே போகும்.

மீண்டும் ஆளனுப்பிப் பழுதுபார்க்க வழியில்லை. 2009ஆம் ஆண்டுப் பயணமே கடைசி. ஆகவே கணக்கினால்தான் கோடுகளைப் போக்கவேண்டியதாயிற்று. படத்தின் ஓரத்தில் ஒளியே படாத கட்டங்கள் காற்பகுதிக்கு 24 பத்திகள் உண்டு. அவற்றின் சராசரியை எடுத்து நிரையிலிருந்து கழித்தால் என்ன? 4ஐ 24இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் 0.8. நீக்கவேண்டிய கோடு 0.9, நீக்கும் கருவியின் பிழை 0.8. வேறொரு கோட்டைப் போட்டுவிட்டு முன்னதை அழித்ததாகவே முடியும். நான்கு காற்பகுதிகளையும் சேர்த்தாலும் 0.4க்குக் கீழே இறங்க இயலாது. எனவே நிரையின் ஆயிரக்கணக்கான கட்டங்களையும் கொண்டே கோட்டை அளக்கவேண்டும். அந்தக் கட்டங்களிலோ வானம் இருக்கிறது! பெரிய விண்மீன்திரள் ஒன்று பல நிரைகளை நிறைத்துக் கிடந்தால், அதன் உண்மையான ஒளியையே கோடு என்று எண்ணிக் கணக்குத் துடைத்துவிடும். ஒளிமிக்க பொருள்களை முதலில் மறைத்துவிட்டு, எஞ்சிய வெற்றுவானத்தைக் கொண்டு அளப்பது இதற்காகவே. மிக நிறைந்த படங்களில் கோட்டை விட்டுவைப்பதே நன்று.

இல்லாத உலகங்கள்

ஹபிளின் கோடுகள் அழகைக் கெடுத்தன. கணக்கைச் சற்றே கெடுத்தன. 2009 மார்ச்சில் ஏவப்பட்ட கெப்ளர் தொலைநோக்கியில் நேர்ந்தது அதனினும் நுட்பமானது. அங்கே இரைச்சல், தேடிய பொருளின் வேடத்தையே பூண்டு வந்தது.

கெப்ளர் தேடியது பிற விண்மீன்களைச் சுற்றும் உலகங்களை. விண்மீனுக்கு முன்னே ஓர் உலகம் குறுக்கிடும்போது ஒளி சற்று மங்கும். நம் பூமி சூரியனைக் கடப்பதைத் தொலைவிலிருந்து ஒருவர் கண்டால், பத்து இலட்சத்தில் 84 பங்கு மட்டுமே மங்கும். ஒரு தென்னந்தோப்பில் பன்னிரண்டாயிரம் இளநீர் இருக்கையில் ஒன்று குறைந்ததைக் கண்டறிவது போன்ற வேலை இது. அன்னம், யாழ் என்னும் விண்மீன் கூட்டங்களின் திசையில் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட விண்மீன்களை 42 சி.சி.டி. சில்லுகள் ஓயாது நோக்கின. பெருக்கி வழிகள் 84.

அவற்றுள் சிலவற்றில் ஒரு குறை இருந்தது. பெருக்கி, தனக்கு யாரும் இடாத வேலையாக, நொடிக்கு நூறு கோடிக்கும் மேற்பட்ட முறை தானே அலைந்தது. கட்டங்களோ நொடிக்கு சுமார் 30 இலட்சம் வீதம் படிக்கப்பட்டன. இவ்வளவு விரைந்த அலைவு படத்தில் எப்படித் தெரியும் என்று கேட்கலாம். சினிமாவில் ஓடும் வண்டிச் சக்கரம் சில வேளை நின்றாற்போலவும் பின்னோக்கிச் சுழல்வது போலவும் தோன்றுகிறதன்றோ? படச்சுருளின் வேகத்தோடு ஆரக்கால்களின் வேகம் ஏறக்குறைய இசைந்துவிடுவதே காரணம். பெருக்கியின் அலைவும், படிக்கும் வேகத்தின் முழு மடங்கு ஒன்றை நெருங்கும்போது, மிக மெதுவாக உருளும் பட்டையாகப் படத்தில் தென்பட்டது. வெப்பநிலை சிறிது மாறினால் அலைவின் அதிர்வெண்ணும் மாறும், பட்டை நகரும். ஒரு விண்மீனின்மேல் பட்டை ஊர்ந்து கடந்தால், அதன் ஒளி சற்றே மங்கி மீள்வது போலத் தெரியும். ஓர் உலகம் குறுக்கிட்டாலும் அதே காட்சிதான்.

ஏவுமுன்பே இக்குறையை அறிந்திருந்தார்கள். அறிந்தும் ஏன் விட்டார்கள் என்று கடிந்துகொள்வது எளிது. முற்றுப்பெற்ற கருவியின் உள்ளுறுப்புகளை மறுபடி பிரித்தால், இருக்கும் சிறு குறையைத் தீர்க்கப்போய்ப் பெருங்குறையை உண்டாக்கிவிடக்கூடும் என்று அஞ்சினார்கள். அந்த அச்சம் தவறென்று சொல்வதற்கில்லை. குறையின் உருவம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது, பிரிப்பதால் வரக்கூடிய குறைக்கோ உருவமே இல்லை.

ஆயினும் ஒரு விபரீதம் பின்னர்தான் முழுதும் தெரிந்தது. சூரியத் தகடுகள் வெயிலை நோக்கியிருக்கும் பொருட்டுக் கெப்ளர் சுமார் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கால்வட்டம் திரும்பும். ஆகவே ஒவ்வொரு விண்மீனும் ஆண்டின் நான்கு பருவங்களில் நான்கு வெவ்வேறு சில்லுகளின்மேல் விழுந்து, மறுபடியும் பழைய சில்லுக்கே வந்து சேரும். கெப்ளர் சூரியனைச் சுற்றிவர ஆன காலம் 372 நாள். கெட்ட பெருக்கியின் சில்லுக்கு ஒரு விண்மீன் 372 நாளுக்கு ஒருமுறை திரும்பி வந்தது; வெப்பநிலையும் அதே பருவத்துக்குரியதாயிருந்தது; பட்டையும் ஏறக்குறைய அதே போல் ஊர்ந்தது. பதிவேட்டில், 372 நாளுக்கு ஒருமுறை சூரியனைப் போன்ற விண்மீன்களைச் சுற்றிவரும் சிற்றுலகங்கள் குவியல் குவியலாகத் தோன்றின! பூமியைப் போன்ற உலகத்தைத் தேடிச் சென்ற கருவி, பூமியின் ஆண்டுக்கு மிக நெருங்கிய காலத்திலேயே பொய்யுலகங்களைப் படைத்துக்கொண்டிருந்தது.

இதை எதிர்கொண்ட முறை மெச்சத்தக்கது. 2018இல் வெளிவந்த இறுதிப் பட்டியலுக்காக, விண்மீன்களின் ஒளிப்பதிவுகளைத் தலைகீழாகத் திருப்பினார்கள். மங்கல் எல்லாம் பொலிவாயிற்று, பொலிவெல்லாம் மங்கலாயிற்று. இப்பொழுது உண்மையான உலகம் ஒன்றும் மங்கலாகத் தெரிய வழியில்லை. தலைகீழ்ப் பதிவிலும் கணிப்பொறி உலகங்களைக் கண்டுபிடித்தால், அவை அத்தனையும் பொய். அன்றியும் பருவங்களின் வரிசையைக் கலைத்து வைத்தும் தேடச் செய்தார்கள். ஆண்டுக்கொரு முறை வரும் ஒழுங்கு கலைந்தபின் எஞ்சி நிற்பவையும் பொய்யே. இவ்வாறு கருவி எவ்வளவு அடிக்கடி பொய் சொல்லும் என்பதைக் கருவியைக் கொண்டே அளந்தார்கள். மூடியைத் திறவாமல் படம் எடுப்பதும் இதுவும் ஒரே வகைச் சிந்தனைதான்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தபோது ஒரு பெயர்பெற்ற உலகமும் ஆட்டங்கண்டது. கெப்ளர்-452பி என்பது 2015 ஜூலையில் பெரும் விளம்பரத்தோடு அறிவிக்கப்பட்டது. சூரியனைப் போன்ற விண்மீனைச் சுமார் 385 நாளில் சுற்றிவரும் உலகம், பூமியின் மூத்த உறவு என்றெல்லாம் செய்தித்தாள்கள் எழுதின. 2018இல் ஓர் ஆராய்ச்சிக் குழுவினர், கெப்ளர் திட்டத்திலேயே உழைத்தவர்களையும் உள்ளடக்கியவர்கள், அதன் அடையாளத்தை மறுபடி எடைபோட்டார்கள். அந்த மங்கல்கள் வேறொரு விண்மீனின் குறுக்கீட்டால் வந்தவையா என்ற ஐயம் முன்பே ஆராயப்பட்டிருந்தது; அவை கருவியின் இரைச்சலால் வந்தவையா என்ற ஐயமோ போதிய அளவில் ஆராயப்படவில்லை என்று காட்டினார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது உறுதியோடு அதனை உலகம் என்று சொல்ல இயலாது என்பது அவர்கள் முடிவு. உலகம் இல்லை என்று அவர்கள் சொல்லவில்லை. நீண்ட காலத்துக்கு ஒருமுறை மட்டுமே மங்கல் காட்டும் இத்தகைய சிற்றுலகங்களை, வேறு ஒரு கருவியும் தனியே கண்டு சொல்லும்வரை உறுதிப்பட்டவையாகப் பட்டியலில் சேர்க்கலாகாது என்பதே அவர்கள் கோரிக்கை. கெப்ளரோ எரிபொருள் தீர்ந்து 2018 அக்டோபரில் பணி ஓய்ந்தது.